பனலுக்குக் கீழே பட்டி

முதல் வெட்டு மாட்டுக்குத்தான் விழுந்தது. சதீசனின் மாட்டுப் பட்டிக்கு முன்னால் நடக்கிற செவலைப் பசு, முளைத்துச் சாண் உயரம் நின்ற நெல்லுக்குள் வாயை வைத்த இடத்திலேயே வாங்கிக்கொண்டது. காட்டுக்கத்தி பின்னங்கால் நரம்பை அறுத்துவிட்டது. மாடு மூன்று காலால் வரம்பில் ஏறப் பார்த்தது, ஏலாமல் சறுக்கி வாய்க்காலுக்குள் குந்திவிட்டது. வெட்டியவன் கத்தியை அதே வாய்க்காலில் அலசிக்கொண்டு கூட்டத்துக்குள் போய் நின்றான். அவன் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

கேதீஸ்வரி ஸ்கூட்டியை விட்டு இறங்கியதும் கண்டது வாய்க்கால் தண்ணீரைத்தான். செம்மண் கரைத்த மாதிரி ஓடியது. மேலே பார்த்தால் மாடு. வாயில் இன்னும் பச்சை நெல் இருந்தது, அதை மென்றுகொண்டே நடுங்கியது.

"மிஸ், கிட்டப் போகாதீங்க. நோவில குத்திப்போடும்," என்றார் பின்னால் மோட்டார்சைக்கிளில் வந்த ஹலீம். விவசாயம் பார்க்கிற கமநல நிலையத்து உத்தியோகத்தர், ஏறாவூர்க்காரர். கேதீஸ்வரி பிரதேச செயலகத்துக் காணி உத்தியோகத்தர். அந்தப் பக்கத்து அரச காணி எதை யாருக்குக் கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது என்று எழுதுகிற பேனா அவளுடையது. அந்தப் பேனாதான் இவ்வளவுக்கும் காரணம் என்று வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

கட்டு ரோட்டில் ஒரு பக்கம் வட்டை. வரம்போடு வரம்பு சேர்ந்து கண்ணுக்கெட்டிய தூரம் நெல். மற்றப் பக்கம் ஆளுயரக் கம்பி வேலி. வேலிக்கு அங்கால் கோரைவெளி. வெளி முழுக்கத் தூண் நட்டு, தூணுக்கு மேல் சோலார் பனல், பனலுக்குக் கீழே பாத்தி பாத்தியாகக் கச்சான், நிலக்கடலை. அதற்கும் அங்கால் வாவி ஓரமாக நீளத்துக்குப் புல்லுத்தரை. இந்த வட்டைக்கும் அந்த வேலிக்கும் நடுவில், ஒரு லொறி போகிற அகலத்தில், சதீசனின் பட்டி முழுக்க நெருக்கியடித்து நின்றது. ரோட்டோரப் புல்லை வேரோடு நக்கி முடித்துவிட்டுப் பசியில் கத்தியது. கன்றுகளின் விலா எலும்பு எண்ணலாம் போல் தெரிந்தது.

"வாங்க மிஸ், வாங்க!" என்று சதீசன் கத்தினான். முழங்கால் வரை சேறு, தோளில் வார்க்கயிறு. "கோரைவெளியில மாடே இல்ல எண்டு சொன்னீங்களாம். இப்ப நல்லாப் பாருங்க. தெரியுதா? இல்லாட்டிக் கண்ணாடி போட்டுப் பாருங்க!"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அது சிரிக்கிற சிரிப்பாக இல்லை.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சிறுபோகம் வெட்டி முடிந்ததும் மாடெல்லாம் வட்டைக்குள் இறங்கிவிடும், வெட்டி மிஞ்சிய நெல் தாளை மேயும். பெரும்போகத்துக்கு விதைக்க முன்னம் ஆரம்பக் கூட்டம் வைத்துக் கை உயர்த்தித் திகதி குறிப்பார்கள். அந்தத் திகதிக்குப் பிறகு வட்டைக்குள் ஒரு குளம்பும் படக்கூடாது. பட்டிகள் கோரைவெளிக்குப் போய், அறுவடை வரைக்கும் அங்கேதான் கிடக்கும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படி. அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி என்பதால் யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

கேதீஸ்வரி வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்காரி, தன்னாமுனை ஊர். அவள் கோரைவெளியைப் பார்க்கப் போனது போன வருசம் ஆவணி மாதம். மாடெல்லாம் வட்டைக்குள் தாள் மேய்ந்த நேரம். வெளியில் காய்ந்த கோரையும் பழைய சாணமும் வெயிலும் கிடந்தன. கேட்பதற்கு ஒரு மனுசன் இல்லை. பயன்பாடில்லாத தரை என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

அதற்கு மறுகா, அந்த வெளியைச் சோலார் கம்பனிக்குக் கொடுப்பது பற்றிச் செயலகத்தில் பெரிய கூட்டம். காணிக்குப் பொறுப்பான எல்லாரும் வந்திருந்தார்கள். மரம் வெட்டாமல் காசு வருகிற காரியம், நல்லது என்றார் வன இலாகா ஐயா. மாரி வெள்ளம் வாவிக்கு வடிகிற வழியை மறிக்காமல் என்ன கூத்தையும் ஆடுங்கள் என்றார் நீர்ப்பாசனத்துக்காரர். கம்பனிக்காரன் பனலை இடுப்பளவில் பதித்து, நிலத்துக்குச் சரளைக்கல் கொட்டப்போகிறேன் என்றான். அங்கேதான் கேதீஸ்வரி எழும்பினாள். தெற்கில் ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில் அவள் கண்ணால் கண்டிருந்தாள்: பனலை உயர்த்திக் கட்டி, நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவில் வெங்காயம். மேலே கரண்ட், கீழே சோறு. ஒரு ஆள் கையைத் தூக்கி நின்றாலும் முட்டாத உயரத்தில் பனல் வேண்டும், கீழே பயிர் வேண்டும், பயிர் வைக்கிற உரிமை ஊர்ப் பொம்பிளையளின் சங்கத்துக்கு வேண்டும், இல்லாவிட்டால் சிபாரிசு செய்யமாட்டேன் என்று மேசையில் தட்டினாள். கம்பனி முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டது. அந்தப் பெரும்போக அறுவடை முடிந்து பட்டிகள் வெளியை விட்டு இறங்கிய பிறகுதான் வேலி விழுந்தது. இருபது வருசம் பைல் சுமந்து அவள் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

ஹலீம் மட்டும் கேட்டார்: "பெரும்போகத்துக்கு மாடு எங்க போற?"

"அந்த வெளியில நான் ஒரு மாட்டையும் காணல்ல சேர்," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பார்சலும் வந்துவிட்டது. ஹலீமும் கையைக் கழுவப் போய்விட்டார்.

இப்போது அந்த மாடுதான் ரோட்டில் நின்று கத்துகிறது.

"ஆரம்பக் கூட்டத்தில நீயும்தானேடா கையத் தூக்கின!" தங்கராசா சதீசனின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். வட்டையின் தண்ணீருக்கும் காவலுக்கும் விவசாயிகள் தெரிந்தெடுத்த வட்டவிதானை அவர். கறுத்து முறுகிய ஆள். "மாட்ட வெளியேத்துறன் எண்டு தூக்கின கை எங்க? கழட்டி வீட்ட வச்சிட்டு வந்தயா?"

"வெளியேத்தித்தானே நிக்கன் விதானையார். இந்த ரோட்டு உங்கட வட்டையா? இதிலயும் விதைக்கப் போறீங்களா?"

"இரவிரவா ஒவ்வொருத்தன்ட வயலுக்கயும் இறங்குது. முளைச்சது பாதி உன்ட மாட்டு வயித்துக்க!"

"பசிச்ச மாட்டுக்கு நான் என்ன, ஆரம்பக் கூட்டத் தீர்மானத்த வாசிச்சுக் காட்டவா?"

பின்னால் நின்ற இளந்தாரி ஒருவன் தடியை வீசினான். சதீசனைக் குறிவைத்தது கன்றுக்குட்டியின் மூக்கில் பட்டது. கன்று முழந்தாளில் விழுந்தது. சதீசனின் தம்பி பார்த்துக்கொண்டு நிற்பானா? கையிலிருந்த பட்டித்தடியைச் சுழற்றி அடித்தான். இளந்தாரியின் நெற்றி பிளந்து, தோல் கண்ணுக்கு மேல் மடிந்து தொங்கியது. அதோடு வட்டைப் பக்கம் நின்றவர்கள் அத்தனை பேரும் ரோட்டில் ஏறினார்கள். மண்வெட்டிப் பிடி, பொல்லு, சைக்கிள் செயின். யார் யாரை அடிக்கிறான் என்று தெரியாத அடி. பல் உடைந்தவன் பல்லைத் துப்பிவிட்டு மறுபடி உள்ளே பாய்ந்தான். மாடுகள் மிரண்டு வேலியோடு ஒதுங்க, கம்பி முள்ளில் தோல் கிழிந்து கத்தின.

"நிப்பாட்டுங்க! பொலிஸுக்குச் சொல்லியிருக்கு! நிப்பாட்டுங்க!" கேதீஸ்வரி நடுவில் புகுந்தாள். எங்கிருந்தோ வந்த பொல்லு அவளுடைய இடது தோளில் இறங்கியது. கை அப்படியே மரத்துப்போய்த் தொங்கியது. அடித்தவன் ஆளைக் கண்டு, "ஐயோ மிஸ்," என்று பின்வாங்கினான். அந்த ஒரு சொல்லில்தான் சண்டை கொஞ்சம் விட்டது. ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, இரத்தத்தைத் துடைத்தார்கள்.

ஹலீம் அவளை இழுத்து வேலியோரம் நிறுத்தினார்.

"நான் அண்டைக்கே சொன்னன் மிஸ். பனல் வைக்கிற எண்டா பனல் மட்டும் வைங்க. கீழ புல்லுக் கிடக்கட்டும், மாடு மேஞ்சிட்டுப் போகும். பயிர வச்சீங்க. பயிருக்கு வேலி வேணும், வேலிக்குப் பூட்டு வேணும், பூட்டுக்குக் காவல் வேணும்."

"சொன்னீங்களா சேர்? கேட்டீங்க. சொல்லல்ல. பார்சல் வந்ததும் எழும்பிப் போயிட்டீங்க."

ஹலீமுக்கு முகம் சுருங்கியது. "சரி. அது என்ட பிழை. ஆனா இப்பயும் சொல்றன், ரெண்டையும் கலக்க ஒண்ணா. வெயில வித்தா வெயில மட்டும் விக்கணும்."

"புல்லுக்கு ஆர் சேர் காணி குடுப்பான்? பயிர் எண்டு சொன்னதாலதான் அந்தப் பொம்பிளையளுக்கு ஒரு துண்டு கிடைச்ச."

"அந்தத் துண்டுக்காகத்தான் இப்ப வெட்டுறானுகள்."

அவள் வேலியில் பூட்டிக் கிடந்த கேற்றைப் பார்த்தாள். கேற்றுக்குள்ளால் நேரே ஒரு சரளை ரோட்டு. கம்பனி லொறிக்காகப் போட்டது. பனல் தோட்டத்தை நடுவால் பிளந்துகொண்டு போய் வாவியோரப் புல்லில் முடிகிறது. அந்தப் புல்லுக்குப் பட்டி போய்விட்டால் வெட்டு நிற்கும். ஆனால் ரோட்டின் இரண்டு பக்கமும் கச்சான். பூ விழுந்து, ஊசி மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கிற நேரம். பசித்த பட்டி ரோட்டை விட்டு ஒரு அடி விலகினாலும் ஒரு செடி மிஞ்சாது. பூட்டைத் திறந்தால் அவள் தன் கையால் கொடுத்ததைத் தன் கையால் கெடுக்க வேண்டும். திறக்காவிட்டால் அடுத்த வெட்டு மனுசனுக்கு.

கேற்றுக்கு உள்ளே கம்பனி மேற்பார்வையாளர் திவாகரன் மஞ்சள் தொப்பியோடு நின்றான். பக்கத்தில் காவல்காரன் பேரின்பம். அதே ஊர் ஆள், ஐம்பது தாண்டிய மெலிந்த மனுசன். யானை வந்தால் போடுவதற்குக் கம்பனி கொடுத்த யானை வெடிகள் ஒரு பையில் அவன் தோளில் தொங்கின.

"திவாகரன், திறங்க."

"ஏலாது மிஸ். மேல இருந்து சொல்லணும். மண்ணுக்க கேபிள் தாக்கிற வேலை இன்னும் முடியல்ல. ஒரு மாடு தூணில உரசினா யார் பொறுப்பு?"

அவள் செயலகத்துக்குப் போன் எடுத்தாள். பெரியவர் பேசினார். பொலிஸ் வரும்வரை எதையும் தொடாதே, கூட்டம் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், வன இலாகாவின் அபிப்பிராயமும் தேவை என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இன்னொரு மாடு கத்தியது. திரும்பிப் பார்த்தால் கழுத்தில் ஒரு வெட்டு, இரத்தம் பீச்சி வேலிக்கு அங்கால் நின்ற கச்சான் இலையில் தெறித்தது. போனை அப்படியே கைப்பைக்குள் போட்டாள். பெரியவர் உள்ளே கதைத்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

சதீசன் கோடாலியோடு வட்டைப் பக்கம் போனான். அவனுடைய கண் மனுசக் கண்ணாக இல்லை.

"சதீசன்! நில்லுடா! கேற்றத் திறக்கிறன்!"

அவன் நின்றான்.

"எப்பிடி மிஸ்? கச்சான் இரிக்கே," என்றார் ஹலீம். பிறகு அவரே கட்டு ரோட்டில் கிடந்த உழவு மெஷினின் இழுவைப் பெட்டியைப் பார்த்தார். நெல் காய வைக்கிற படங்குத் துணிகள் அதில் சுருட்டிக் கிடந்தன. "படங்க விரிச்சு ரெண்டு பக்கமும் ஆக்கள் சுவர் மாதிரிப் பிடிச்சா... மாடு அங்கால தெரியாட்டி நேரதான் போகும். ஆனா அதுக்கு ஆக்கள் வேணும். இவனுகளே பிடிக்கணும்."

இவனுகளே. இப்போதுதான் ஒருவன் மண்டையை ஒருவன் உடைத்தவர்கள். கேதீஸ்வரி தங்கராசாவிடம் போனாள்.

"விதானையார், பட்டி உங்கட வட்டைய விட்டுப் போகணும், அவ்வளவுதானே? படங்கத் தாங்க. ஆக்களத் தாங்க."

தங்கராசா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க போட்ட வேலிக்கு நாங்க படங்கு பிடிக்கணும்?"

"ஓம்."

"நல்ல கத!" என்று காறித் துப்பினார். ஆனால் திரும்பி ஆட்களிடம் கையை அசைத்தார். "படங்க இறக்குங்கடா. கத்தியெல்லாம் பெட்டிக்க போடுங்க. போடு எண்டு சொன்னன்!"

உள்ளேயிருந்து சங்கத்துப் பொம்பிளையள் ஓடி வந்தார்கள். முன்னால் சங்கத் தலைவி மங்கையற்கரசி. வேலி ஓரமாக நின்று இவ்வளவையும் கேட்டிருந்தாள். கேற்றுக் கம்பிக்குள்ளால் கையை விட்டு, கேற்றடிக்கு வந்த கேதீஸ்வரியின் கன்னத்தில் பளீரென்று ஒன்று வைத்தாள்.

"நீதானே தந்தாய்! காணி தாறன், ஒருத்தரும் அசைக்கமாட்டான் எண்டு நீதானே சொன்னாய்! குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு எங்களுக்கு. இப்ப மாட்ட விடப் போறயா?"

"படங்கு பிடிங்க மங்கையக்கா. பிடிச்சா மிஞ்சும்."

"மிஞ்சாட்டி?"

கேதீஸ்வரிக்குக் கன்னம் எரிந்தது. மங்கையற்கரசி அவளைத் தின்றுவிடுவது போல் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தன்னுடைய ஆட்களைப் பார்த்தாள். "வாங்கடி. இவளுகள நம்பினா மண்தான். நம்மட பக்கத்த நாமதான் பிடிக்கணும்."

கேதீஸ்வரி திவாகரனிடம் கையை நீட்டினாள். "பூட்டுத் திறப்பத் தாங்க திவாகரன். இது அரச காணி. கம்பனிக்கு இன்னும் குத்தகைப் பத்திரம் எழுதிக் குடுக்கல்ல."

"ஏலாது மிஸ்."

அவள் ஒருவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கினாள். இடது தோள் ஏறவில்லை. வலது கையை மட்டும் வைத்து ஆமைப்பூட்டில் மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்தாள். பூட்டு அசையவில்லை. மறுபடி அடித்தாள். அலுவலகத்து மேசையில் குந்தியிருந்த உடம்பு அது, ஒவ்வொரு அடிக்கும் எலும்புக்குள் விண்ணென்றது. ஒரு அடியில் பூட்டும் போனது, மண்வெட்டி இலையும் கழன்று தெறித்தது. வெறும் பிடி மட்டும் கையில் மிஞ்சியது. ஹலீம் கேற்றைத் தள்ளினார்.

படங்குகள் விரிந்தன. ஒரு பக்கம் தங்கராசாவும் வட்டைக்காரரும். மற்றப் பக்கம் மங்கையற்கரசியும் பொம்பிளையளும் ஹலீமும். நீலமும் மஞ்சளுமாக, சரளை ரோட்டின் இரண்டு கரையிலும் துணிச் சுவர் நின்றது. நெற்றி பிளந்த இளந்தாரி சாரனைக் கிழித்துத் தலையில் கட்டிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தான். அவனுக்கு அடுத்த முனையில் அவனை அடித்த சதீசனின் தம்பி.

"கொஞ்சம் இறுக்கிப் பிடிடா, உன்ட தலை மாதிரித் தொங்குது," என்றான் தம்பி.

"இரு, மாடு போகட்டும், உனக்கு வைக்கன்."

சதீசன் முன்னால் நடந்து தொண்டையால் ஒரு சத்தம் கொடுத்தான். பட்டி அசைந்தது. முதல் மாடு கேற்றுக்குள் கால் வைத்துப் படங்கை மோந்து பார்த்தது. பிறகு நேரே போனது. அதன் வாலைப் பிடித்த மாதிரி அடுத்தது. அடுத்தது. கேதீஸ்வரி பிடியை நீட்டி ஓரம் விலகியதைத் தட்டித் தட்டி உள்ளே விட்டாள். மேலே பனல் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றது, கீழே துணிக்கு அங்கால் கச்சான், நடுவால் மாடு. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே காணிக்குள் நின்றதை அவள் கண்டாள். பாதிப் பட்டி உள்ளே வந்துவிட்டது. முன் மாடுகள் வாவிப் புல்லில் வாயை வைத்துவிட்டன. ஹலீம் அங்காலிருந்து, "போகுது மிஸ், போகுது!" என்று கத்தினார்.

ஒரு எருது தூணில் கழுத்தை உரசியது. அவ்வளவுதான். பனல் தகடு ஒன்று கிடுகிடுத்தது.

"உடைக்குது! உடைக்குது! பேரின்பம், போடு வெடிய!" என்று திவாகரன் அலறினான்.

"சேர், பட்டிக்கயா?"

"போடுடா! இல்லாட்டி நாளைக்கு நீ வேலைக்கு வராத!"

பேரின்பம் போட்டான். யானையைத் திருப்புகிற வெடி அது. பட்டியின் நடுவில் விழுந்து வெடித்தபோது நிலம் அதிர்ந்தது, புகை எழும்பியது. மாடு மாடாக இல்லை பிறகு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கொம்பு மாட்டி, தங்கராசா நின்ற பக்கத்துப் படங்கைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தன. படங்கை விடாமல் பிடித்திருந்தது தங்கராசா ஒருவர்தான். துணியோடு துணியாக அவரைச் சுருட்டி விழுத்தி, அவருக்கு மேலால் போயின. படங்குக்குள்ளிருந்து எலும்பு முறிகிற சத்தம் விறகு முறிக்கிற மாதிரிக் கேட்டது. கச்சான் பாத்திகள் சேறாகின. தூண் ஒன்று சாய்ந்து பனல் நொறுங்கி, கண்ணாடி மாடுகளின் முதுகில் கொட்டியது. கிழிபட்ட மாடுகள் இன்னும் வெறிகொண்டு சுழன்றன.

பொம்பிளையளின் பக்கத்துப் படங்கு இன்னும் நின்றது. மங்கையற்கரசி விழுந்திருந்தாள். மாடு இடித்ததில் முழங்கால் திரும்பி எழும்ப ஏலாமல், விழுந்த இடத்திலிருந்தே படங்கின் அடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவளுக்குப் பின்னால் பாத்திக்குள் மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள். கேற்றடியில் மீதிப் பட்டி கண்ணை உருட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு சத்தம் கேட்டால் அது பாயப்போவது இந்தப் பக்கம்தான்.

"இன்னொண்டு போடு! வெளிய கலை!" திவாகரனின் குரல்.

பேரின்பம் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டேதான் பைக்குள் கையை விட்டான். லைட்டரைத் தட்டினான். திரி பற்றியது.

"பேரின்பம் வேணாம்! கீழ போடு!" கேதீஸ்வரி ஓடினாள். அவனுக்குக் காது கேட்கவில்லை, முதல் வெடியில் அடைத்திருந்தது. அவன் கையைப் பின்னால் ஓங்கினான். அவள் மண்வெட்டிப் பிடியைத் தலைக்கு மேல் தூக்கி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அவனுடைய மணிக்கட்டில் இறக்கினாள்.

வெடி விழுந்துவிடும் என்று நினைத்தாள். சேற்றில் விழும், காலால் மிதித்து அணைக்கலாம் என்று. எலும்பு முறிந்த கை வெடியை விடவில்லை, சுருண்டு அதைப் பொத்திக்கொண்டது. பேரின்பம் தன் கையைத் தானே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "மிஸ்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

சத்தம் இந்த முறை பெரிதாக இல்லை. சதைக்குள் அமுங்கிய சத்தம். பட்டி அதிர்ந்தது, ஆனால் பாயவில்லை. சதீசன் முன்னுக்கு நின்று, கையை விரித்து, தொண்டைச் சத்தத்தை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தான். மாடுகள் அவனைப் பார்த்தன. பிறகு ஒன்றன் பின் ஒன்றாகச் சரளை ரோட்டால் நடந்தன, விழுந்து கிடந்தவர்களை ஒட்டி, யாரையும் மிதிக்காமல்.

பேரின்பம் சேற்றில் உட்கார்ந்திருந்தான். வலது கையில் பெருவிரலும் கொஞ்சத் தோலும் மிஞ்சியிருந்தன. ஹலீம் தன் சட்டையைக் கழற்றி மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிக் கட்டினார். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு சொல் வரவில்லை. அந்தப் பக்கம் படங்கை அவிழ்த்துத் தங்கராசாவை வெளியே எடுத்தார்கள். மூச்சு இருந்தது. நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. உழவு மெஷின் பெட்டியில் கத்திகளை ஒதுக்கிவிட்டு, இருவரையும் அருகருகே கிடத்தினார்கள். செங்கலடி ஆஸ்பத்திரிக்கு மெஷின் இரைந்துகொண்டு போனது. பின்பலகையிலிருந்து இரத்தம் ரோட்டு நீளத்துக்குச் சொட்டியது.

அதற்குப் பிறகுதான் பொலிஸ் ஜீப் வந்தது.

"இவதான்! இவதான் பூட்ட உடைச்ச, இவதான் அவன அடிச்ச! எல்லாம் வீடியோவில இரிக்கு!" திவாகரன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

சதீசன் கேதீஸ்வரியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினான். "மிஸ், நான் அடிச்ச எண்டு சொல்றன். என்ட மேல ஏற்கனவே நாலு கேஸ் கிடக்கு, இது ஒண்டு கூடினா என்ன?"

"நீ போய் மாட்டப் பார். கண்ணாடி குத்தியிருக்கும்."

"மிஸ்..."

"போ எண்டு சொன்னன்."

மங்கையற்கரசி பாத்திக்குள் காலை நீட்டிக் குந்தியிருந்தாள். அவள் பக்கத்துக் கச்சான் பாதி பிழைத்திருந்தது. அங்கால் பாதி தடமில்லாமல் போயிருந்தது. கேதீஸ்வரி தன்னைக் கடக்கும்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தால், ஏசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கன்னத்தில் விழுந்த அறையைவிட அது நொந்தது.

"பொலிஸில என்ன சொல்லப் போறீங்க?" என்று ஹலீம் கேட்டார். மேலில் சட்டையில்லை, பெனியனெல்லாம் பேரின்பத்தின் இரத்தம். "செயலகத்தில கேப்பாங்க. ரெண்டும் சேராது எண்டு நானும் எழுதுறன். நீங்களும் அப்பிடி எழுதினீங்க எண்டா உங்கட வேலையாவது மிஞ்சும்."

"சேரும் சேர்."

"இன்னுமா?"

"கொஞ்ச நேரம் சேந்துதான் நின்ட. நீங்களும்தானே பாத்த. பாதிப் பட்டி போயிட்டு." கையிலிருந்த பிடியால் வாவிப் புல்லைக் காட்டினாள். "அத நான் எழுதாம விடமாட்டன். அவன்ட கையையும் எழுதுவன். நான்தான் அடிச்சன் எண்டும் எழுதுவன்."

கேற்றை மூடுவதற்குத் திவாகரன் புதுப் பூட்டோடு போனான். சதீசனின் தம்பியும் நெற்றியில் துணி கட்டிய இளந்தாரியும் கேற்று நிலையில் ஆளுக்கொரு பக்கம் குந்திவிட்டார்கள். திவாகரன் பொலிஸைப் பார்த்தான். அவர்களுக்கு அப்போது வேறு வேலை இருந்தது.

பொலிஸ்காரன் ஒருவன் கேதீஸ்வரிக்கு முன்னால் வந்து கையை நீட்டினான். "அந்தக் கம்பத் தாங்க மிஸ்."

அவள் கொடுக்கத்தான் பார்த்தாள். விரல் திறக்கவில்லை. மண்வெட்டிப் பிடியைச் சுற்றி இறுகிப்போய், நகத்தடி வெளுத்து, அவளுடைய கையே அவளுடைய சொல்லைக் கேட்கவில்லை. மற்றக் கை தோளிலிருந்து செத்துத் தொங்கியது.

"விடுங்க மிஸ்."

"விடுறன். ஏலாமக் கிடக்கு."

அவன் குனிந்து, சின்ன விரலில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.